முப்பத்தைந்து ரூபாய்க் கணக்கு

அக்கம்பக்கச் சந்தை – 9

திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையின் ஒரு சிறு பட்டறை பிளாஸ்டிக் உதிரிபாகம் வார்த்துக் கொழும்புக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கப்பலேற்றும்போது விலை 100 ரூபாய். இலங்கையில் வரிச்சலுகை வேண்டுமென்றால், அதில் குறைந்தது 35 ரூபாய் மதிப்பாவது இந்தியாவில் சேர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் குருணை வேறொரு நாட்டிலிருந்து 70 ரூபாய்க்கு வந்திருந்தால் சலுகை கிடையாது. கூலி, மின்சாரம், லாபம் எல்லாம் சேர்ந்தும் 30தானே வருகிறது!

1998 டிசம்பர் 28 அன்று அப்போதைய இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டு, 2000 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த இந்தியா–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் விதி இது. இந்தியா 429 பொருள்களைச் சலுகைக்கு வெளியே வைத்தது. இலங்கை 1,180 பொருள்களை வைத்தது. சிறிய நாடு தன்னைக் கூடுதலாகக் காத்துக்கொண்டதில் தவறில்லை.

35 ரூபாய் விதி எதற்கு என்பதை வனஸ்பதி காட்டிவிட்டது. பாமாயில் இறக்குமதிக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. உடனே இந்திய முதலீட்டாளர்களே அங்கே ஆலை போட்டார்கள். வெளிநாட்டுப் பாமாயில் இலங்கையில் வனஸ்பதியாகி, வரியில்லாமல் இங்கே வந்து குவிந்தது. இந்திய ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். 2006-ல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று இந்தியா உச்சவரம்பு வைத்தது. பிறகு அந்த ஆலைகள் முடங்கின. தாமிரத்திலும் இதே கதைதான். இரண்டு நாட்டு வரிக்கும் இடையிலிருந்த இடைவெளியில் பிறந்த தொழில், அந்த இடைவெளி அடைபட்டதும் செத்தது. அதை நம்பி வேலைக்குப் போனவர்களைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது.

தெற்காசியா முழுவதற்குமான சாஃப்டா ஒப்பந்தம் 2006-ல் நடப்புக்கு வந்தது. இருந்தும் இந்த நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது சுமார் 5 சதவீதம்தான். 2019-ல் புல்வாமா தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் சரக்குக்கு இந்தியா 200 சதவீத வரி விதித்தது. அரசியல் முறுக்கிக்கொண்டால் வரி அட்டவணை என்ன செய்யும்? வங்கக் கடலைச் சுற்றியுள்ள ஏழு நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு 2004-லேயே தடையற்ற வணிகத்துக்கான சட்டக ஒப்பந்தம் போட்டது. இருபது ஆண்டு தாண்டியும் பேச்சு முடியவில்லை. கும்மிடிப்பூண்டியின் இரும்பு ஆலைகளுக்கு எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் பக்கம். அங்கிருந்து சிட்டகாங்குக்கும் யாங்கூனுக்கும் கடல்வழியே போகலாம். இத்தனை வசதி வீணாவதைப் பார்க்க எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஆனால் காக்களூருக்குள்ளேயே ஒரே குரல் இல்லை. இங்கே ஆவின் பால் பண்ணை இருக்கிறது. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் ஆர்செப் என்ற பல நாட்டு வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கு, நியூசிலாந்துப் பால்பொடி வந்து குவியும் என்ற பால் உற்பத்தியாளர்களின் அச்சமும் ஒரு காரணம். பால் ஊற்றுகிறவருக்கு அந்த விலகல் நிம்மதி. பட்டறைக்காரரின் கவலை வேறு. தென்கிழக்கு ஆசிய நாடுகளுடனான ஆசியான் ஒப்பந்தத்தின்கீழ் செய்துமுடித்த பொருள் வரியில்லாமல் வந்து இறங்க, அதையே இங்கு செய்ய அவர் வாங்கும் மூலப்பொருளுக்கு வரி கட்ட நேர்வதுண்டு. ஒப்பந்தமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இந்தத் தலைகீழ் வரியைச் சரிசெய்யுங்கள் என்கிறார்.

இலங்கையுடன் 2008-ல் கையெழுத்தாகவிருந்த விரிவான ஒப்பந்தம் நின்றுபோனது. எட்கா என்ற பெயரில் 2016-ல் தொடங்கிய பேச்சு இடையில் முடங்கி, 2023-ல் மீண்டும் தொடங்கியது. இந்திய மருத்துவர்களும் கணினிப் பணியாளர்களும் வந்து இடம்பிடித்துவிடுவார்கள் என்று அங்கே பயம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆளனுப்பும் சேவைகளைத் தனியே வைத்துவிட்டு, சரக்கில் இருக்கும் சிக்கல்களை முதலில் தீர்க்கலாம் என்பது என் கருத்து. இங்கே வரும் சரக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து, இத்தகைய ஒப்பந்தங்களின்கீழ் சலுகை கேட்கும் இந்திய இறக்குமதியாளர் அந்தப் பொருள் எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு அதற்கென ஆள் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் முதலாளியே கணக்கரும் கிளியரிங் ஏஜென்ட்டைத் துரத்துபவரும். 35 சதவீதத்தை 30 ஆக்குவதா, 40 ஆக்குவதா என்று டெல்லியில் முடிவெடுப்பதற்கு முன்னால், வணிக அமைச்சக அதிகாரிகள் காக்களூருக்கு வந்து அவரையும், பால் ஊற்றுகிறவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

(தொடரும்)