பழைய தொட்டி, புதுத் தண்ணீர்

வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சென்னைப் பல்லாவரம் சந்தையில் பழைய மின்விசிறி, சைக்கிள், புறாக்கூண்டு இவற்றுக்கு நடுவே மீன் தொட்டிகளும் விலைக்கு வரும். ஒன்றரை அடி, இரண்டு அடித் தொட்டியை யாரும் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நான்கடித் தொட்டியை வீடு சேர்க்க இரண்டு ஆளும் ஒரு குட்டியானை வண்டியும் வேண்டும். விற்கிறவருக்கோ அது வீட்டில் இடத்தை அடைக்கும் சுமை. அதனால்தான் பெரிய தொட்டி பழசாகும்போது அதன் விலை மளமளவென்று இறங்குகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்ற பெரிய மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர், புதுச் சின்னத் தொட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் பழைய பெரிய தொட்டியை வாங்குவதுதான் சரி. ஆனால் அந்தத் தொட்டியில் தயார் செய்ய வேண்டியவற்றில் கண்ணாடி பாதிதான். மீதிப் பாதி தண்ணீர். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கடையில் பாலித்தீன் பையில் போட்டுத் தரும் ஆஸ்கர் குஞ்சு இரண்டு அங்குலம் இருக்கும். நன்றாகத் தின்றால் ஓராண்டிலேயே பத்து அங்குலத்தை எட்டும், பிறகு ஓரடி. பத்து ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். நாய் வளர்ப்பதற்கு நிகரான பொறுப்பு இது, குரைக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டியில் பிடிப்பது 57 லிட்டர். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லிட்டர். ஓர் ஆஸ்கருக்கு இதுவே குறைந்த அளவு. ‘தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. சின்னத் தொட்டியில் மீன் சின்னதாகவே நிற்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படி நிற்பது தன் கழிவிலேயே கிடந்து வளர்ச்சி குன்றிய மீன். பல சமயம் அது அற்பாயுசில் போய்விடும். அந்தக் காலத்தில் பம்பும் ஃபில்டரும் இல்லாமல் வீட்டுக் கிணற்றில் மீன் விட்டார்களே என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான லிட்டரில் நாலைந்து மீன் கிடந்தால் கழிவு கரைந்தே போய்விடும். பெரிய தொட்டி வேண்டும் என்பதற்குக் கிணற்றைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை.

இனி கண்ணாடிக்கு வருவோம். பழைய தொட்டி ஒழுகாதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நியாயமான பயம்தான். தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறது. நான்கடி நீள முன்கண்ணாடியின் மேல் ஒன்றரை அடித் தண்ணீர் சுமார் 125 கிலோ எடைக்கு ஈடான விசையோடு தள்ளும். இரண்டடித் தண்ணீர் என்றால் அது 225 கிலோவைத் தாண்டும். அரையடி உயரம் கூடியதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே சந்தையில் உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டியைத் தேடுவது நல்லது. பெரிய மீன் உடம்பைத் திருப்புவதற்கும் அகலம்தான் உதவும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சிலிக்கான் உரிந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உரிந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பூசிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. புது சிலிக்கான் கண்ணாடியைப் பற்றுகிற மாதிரி பழைய சிலிக்கானைப் பற்றாது. உள்பக்கப் பழைய பூச்சு முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, நான்கு மூலைக்கும் அடிப்பக்கத்துக்கும் ஒரே மூச்சில் பூச வேண்டும். கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள ஒட்டே விட்டிருந்தால் தொட்டியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சை பிடிக்காத சிலிக்கானில் மீனுக்கு ஆகாத மருந்து கலந்திருக்கும். மீன் தொட்டிக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள். பூசியபின் காடி வாசனை அடியோடு போகும்வரை, ஒரு வாரமாவது, காய விட வேண்டும். பிறகு சமதளத்தில் தெர்மாகோல் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, விளிம்புவரை நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை வாசலிலோ மொட்டை மாடியிலோ செய்வது புத்திசாலித்தனம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தொட்டியைச் சுவரோரமாக, கீழே பீம் ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். தண்ணீரும் மணலும் நிறைந்த நான்கடித் தொட்டி தான் நிற்கும் சிறிய இடத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தும்.

கழுவுவதற்கு சோப்பு, டிஷ்வாஷ் எதுவும் கூடாது. நம் பகுதிப் போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளை உப்புக்கறை வினிகருக்குக் கரையும். முந்தைய மீன் நோயில் செத்திருக்கலாம் என்பதால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் ஒருமுறை துடைத்து, பல தடவை அலசி, காய வைக்க வேண்டும். பழைய மணலைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இப்போது பளிச்சென்று ஒரு தொட்டி நிற்கிறது. ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சுத்தமாகக் கழுவிய தொட்டியில் இவை அறவே இல்லை. தொட்டியோடு இலவசமாக வந்த ஃபில்டரின் காய்ந்த பஞ்சிலும் இல்லை. நம் பகுதிக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. கடினமான நிலத்தடி நீரைத் தொட்டியில் ஊற்றிக் காற்றுக் குமிழி விட்டால் கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு எட்டை நெருங்கும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். அதே மீன், அதே தீனி, ஒன்பது மடங்கு விஷம். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் தீராதா என்றால், முழுக்க அதையே ஊற்றினால் தாதுப்பு இல்லாமல் பி.எச். நிலையில்லாமல் ஆடும். பண்ணையில் வளர்ந்த ஆஸ்கர் கடினநீருக்குப் பழகிக்கொள்ளும்; அம்மோனியாவுக்கு எந்த மீனும் பழகாது. ஆகவே மீன் இல்லாமலே தொட்டியை ஓட்ட வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும்வரை சோதனைச் சொட்டு மருந்தால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நண்பர் வீட்டில் நோயில்லாத தொட்டி ஓடிக்கொண்டிருந்தால் அதன் அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். பாதி நாள் மிச்சமாகும். அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். கடைக்காரர் அன்றைக்கே மீன் விடலாம் என்றாரே என்பீர்கள். விடலாம், குஞ்சு சின்னதென்றால் பிழைக்கவும் கூடும். பத்து அங்குல மீனை அப்படி விட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில், 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊரில், இதெல்லாம் தேவையா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வாரம் தொட்டித் தண்ணீரில் கால் பங்கு மாற்றினால் அறுபது லிட்டர், அதாவது நான்கு குடம். நைட்ரேட் சேர்ந்த அந்தத் தண்ணீர் தென்னைக்கும் துளசிக்கும் உரம். அதைச் சாக்கடையில் கொட்டுகிறவரிடம் எனக்கும் வாதாட எதுவுமில்லை. மின்சாரம் இன்னொரு கவலை. 2016 வர்தா புயலுக்குப் பின் புறநகரில் பல இடங்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, பெரிய மீனுக்கோ அது அதிகம் வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இல்லாமல் பெரிய மீன் வாங்கக் கூடாது.

தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்த மீனைக் கொல்ல மனமில்லாமல் பக்கத்து ஏரியில் விடுகிறவர்கள், புண்ணியம் செய்வதாகவே நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது வேறு. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியில் அமெரிக்க அலிகேட்டர் கார் மீன் சிக்கியது. கண்ணாடி சுத்தம் செய்யும் என்று வாங்கும் ‘டேங்க் கிளீனர்’ தென்னமெரிக்க மீன். அது இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. சிட்லப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். ஏரியில் விட்ட மீன் அங்கேயும் போய்ச் சேரலாம்.

பல்லாவரத்துக்குப் போகும்போது ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியோடு சேர்த்து மீனையும் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தொட்டிக்கு மட்டும் விலை பேசுங்கள். மீனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.