உங்களுக்குத் தெரியுமா? ட்வீட்டரைக் காப்பது ஒரு கெப்பாசிட்டர்

குற்றாலச் சீசனில் தென்காசிச் சாலையில் வரிசை கட்டும் கார்கள் பலவற்றில், கதவு ஸ்பீக்கருக்கு முழு ஒலியும் அப்படியே போகிறது. முன்கண்ணாடியோரத்துச் சின்ன ட்வீட்டருக்கு மட்டும் வழியில் ஒரு கெப்பாசிட்டர். தாழ்ந்த அதிர்வெண்ணைத் தடுத்து, உயர்ந்ததை விடும். 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் என்றால் எல்லை ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸ், 4.7 என்றால் 8,500. எல்லைக்குக் கீழே ஒலி சட்டென்று நின்றுவிடாது. அதிர்வெண் பாதியாகப் பாதியாக 6 டெசிபெல் வீதம் தேயும். ஐந்தருவி இரைச்சலைப் பதிவு செய்து காரில் கேளுங்கள்: அடிமுழக்கம் கதவிலிருந்து வரும், 'ஸ்ஸ்' என்ற சாரலோசையை ட்வீட்டர் தரும். ட்வீட்டரை மாற்றினால், பழையதன் முதுகில் ஒட்டியிருந்த கெப்பாசிட்டரும் கூடவே போய்விடலாம். புதியதில் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இல்லையென்றால் தாழ்ந்த ஒலியே அதன் மெல்லிய கம்பிச்சுருளைக் கருக்கிவிடும்.