உப்பளக் கரையில் கத்தியலகு: காப்புப் பூச்சும் அதன் எல்லையும்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் கத்தியலகு விரைந்து துருப்பிடிப்பதற்குக் காற்றின் ஈரம் மட்டும் காரணமன்று. தூய சோடியம் குளோரைடு, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டும்போதுதான் நீரை ஈர்த்துக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடும். எனவே உப்புப் படிந்த அலகு, உலர்ந்ததாகத் தோன்றும் நாளிலும் ஈரமாகவே இருக்கிறது.

காப்புப் பூச்சுகள் செயற்படும் முறை வேறுபடும். நிக்கல் பூச்சு தடுப்பாக நிற்கும். அதில் கீறல் விழுந்தால் அவ்விடத்து இரும்பே நேர்மின்வாயாகி ஆழமாக அரிக்கப்படும். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆயின் புளிப்பில் கரைவதால் உணவு நறுக்கும் கத்திக்குப் பொருந்தாது. கரும் ஆக்சைடுப் பூச்சு நுண்துளைகள் உடையது. எண்ணெய் ஊறினாலன்றிப் போதிய காப்புத் தராது.

எப்பூச்சாயினும் சாணை பிடிக்கும்போது வெட்டுவாயிலிருந்து அகன்றுவிடும். ஆதலின் அலகின் பக்கங்களுக்கு நிலையான பூச்சும், வெட்டுவாய்க்கு நன்னீரால் கழுவித் துடைத்து எண்ணெயிடுதலும் வேண்டும்.

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் படைக்கருவிகள் நெய் பூசிக் காக்கப்பட்டிருப்பதையும், அதியமானின் கருவிகள் நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடப்பதையும் ஒப்பிடுகிறார். பயன்படாக் கருவியில் பூச்சு நிலைக்கும். பயன்படும் கருவிக்கு அதனை இடையறாது புதுப்பித்தலே காப்பாகும்.