காசநோய்க் கிருமியின் கிளைகள்

காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை ராபர்ட் கோக் 1882-இல் உலகுக்கு அறிவித்தார். 1998-இல் அதன் முழு மரபணு வரிசை வெளியானது. மொத்தம் சுமார் 44 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். பல பாக்டீரியாக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுக்களை வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமியிடம் அந்தப் பழக்கம் இல்லை என்றே சொல்லலாம். அது பெருகும்போது நேரும் எழுத்துப் பிழைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுவதால், அவற்றைக் கொண்டு அதன் வம்சாவளியை வரைய முடிகிறது.

அந்த வம்சாவளியின் முதல் கிளை இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளுக்கு உரியது; பிலிப்பைன்ஸிலும் மிகுதி. தமிழகத்தில் பெரிதும் காணப்படுவது இதுவே. வட இந்தியாவில் மூன்றாம் கிளை அதிகம். கிழக்கு ஆசியாவின் இரண்டாம் கிளையில் அடங்கிய பெய்ஜிங் வகை, பல இடங்களில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயோடு சேர்ந்தே பரவுவதால் மிகுந்த கவலைக்குரியது. நான்காம் கிளை ஐரோப்பியர் குடியேற்றத்தோடு கண்டம் விட்டுக் கண்டம் சென்றது. ஐந்தும் ஆறும் மேற்கு ஆப்பிரிக்காவைத் தாண்டி அதிகம் பரவவில்லை. ஏழாவது எத்தியோப்பியாவோடு சரி.

இதே எழுத்துப் பிழைகள் தொற்று பரவும் விதத்தையும் காட்டுகின்றன. நோயாளிகள் இருவரின் சளியில் கிடைத்த கிருமிகளுக்கிடையே ஐந்து எழுத்துக்குள் மட்டுமே வேறுபாடு இருந்தால், அண்மையில்தான் தொற்று பரவியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.