படகு சொந்தம், துறை யாருடையது?

லண்டனின் ரீஜென்ட்ஸ் கால்வாய்க் கரையில் காலையில் நடப்பவர்கள், சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டியை யாராவது இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பயணப்பெட்டி போலிருக்கும். உள்ளே இருப்பது படகு வீட்டுக் கழிப்பறையின் கழிவு. ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும் அந்தத் தொட்டி, இருவர் குடியிருக்கும் படகில் மூன்று நான்கு நாளில் நிரம்பிவிடும். கால்வாயோரம் அதற்கென்று கட்டிவைத்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, அலசி, மருந்து நீர் ஊற்றித் திரும்ப வேண்டும். மழையானாலும் பனியானாலும் உடம்புக்கு முடியாவிட்டாலும் அந்த வேலை தப்பாது.

வீட்டு வாடகை தாங்காமல் படகுக்குக் குடிபெயர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது படகின் விலையை. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வாங்கிய படகை எங்கே கட்டுவது?

இங்கிலாந்தின் இந்த ஒல்லிப் படகுகளுக்கு நேரோபோட் என்று பெயர். அகலம் 6 அடி 10 அங்குலம்தான். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் கால்வாய்கள் வெட்டியபோது, படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவு மதகுகளைச் சுமார் 7 அடி அகலத்தில் அமைத்தார். செலவும் தண்ணீரும் மிச்சம். 1777இல் முடிந்த டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயில் அந்த அளவு நிலைபெற்றது. நிலக்கரியும் களிமண்ணும் ஏற்றிக் குதிரை இழுத்துச் சென்ற படகுகளின் அகலம்தான் இன்றைய குடும்பத்தின் வீட்டு அகலம். நீளம் 72 அடி வரை போகலாம். நாட்டின் ஏறக்குறைய எல்லா மதகுகளிலும் நுழைய வேண்டுமானால் 57 அடி. சமையலறை, கூடம், குளியலறை, படுக்கை எல்லாம் ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக. ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் கடந்துபோக உடம்பைச் சாய்க்க வேண்டும்.

நல்ல நிலையிலுள்ள பழைய படகு 50,000 பவுண்டு அளவில் கிடைக்கும். புதிதாகக் கட்டினால் 1,50,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். ஒரு பவுண்டுக்கு நம் பணம் நூறு ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டாலும், லண்டனில் ஓர் அறை கொண்ட அடுக்ககத்தின் விலையோடு பார்த்தால் இது சிறு தொகை. ஆனால் வங்கிகள் வழக்கமான வீட்டுக் கடன் தராது. சட்டத்தின் கண்ணில் படகு அசையும் பொருள். தனிநபர் கடனோ, வட்டி கூடுதலான படகுக் கடனோதான் வழி. நிலத்தின் மீது நிற்கும் வீட்டைப் போல இதன் மதிப்பு ஏறுவதில்லை; காரைப் போல இறங்குகிறது.

அடுத்தது இரும்பு. அடித்தகடு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6 மில்லிமீட்டர். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, பாசியும் துருவும் போகச் சுரண்டி, கறுப்புக் கீல் பூச வேண்டும். கரையேற்றும் கட்டணமும் கூலியும் சேர்ந்தால் 1,000 பவுண்டு வாக்கில் ஆகிவிடும். பூச்சு உரிந்த இடத்தில் தண்ணீர் ஊசி முனையளவு குழி போடத் தொடங்கும். துறையில் கரை மின்சாரம் எடுக்கும் படகுகளில், தக்க காப்பு இல்லையென்றால், மின்னரிப்பு அதை இன்னும் விரைவாக்கும். அதனால் பக்கத்தில் மக்னீசியக் கட்டிகளைப் பற்றவைத்திருப்பார்கள். இரும்புக்குப் பதில் அவை கரைந்துபோகும். பழைய படகை வாங்கும்போது ஆய்வாளர் ஒலிக்கருவியால் தகட்டின் தடிமனை அடிக்கு அடி அளப்பார். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்துவிடும். மேலே புதுத் தகடு பொருத்த ஆகும் செலவு பல ஆயிரம் பவுண்டு. ஆய்வுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தடுக்க வேண்டும்.

நாட்டின் பெரும்பாலான கால்வாய்களை 2012 முதல் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீர்வழி, 35,000 அளவில் படகுகள். இவற்றில் படகை வைத்திருக்க உரிமம் வேண்டும். 57 அடிப் படகுக்கு ஆண்டுக் கட்டணம் 1,000 பவுண்டைத் தாண்டும். உரிமம் பெற, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பாதுகாப்புச் சான்றும் காப்பீடும் காட்ட வேண்டும்.

இவற்றோடு துறைக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, படகுக்கென்று நிலையான கட்டுமிடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், படகு உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. கட்டுமிடத்தின் வாடகை கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 2,000, 3,000 பவுண்டு. லண்டனின் நடுவே அது 10,000 பவுண்டைத் தாண்டிவிடும், அதுவும் கிடைத்தால். எல்லாக் கட்டுமிடத்திலும் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடையாது. வாடகைக்கு இருக்கும் துறையிலிருந்து வெளியேறச் சொன்னால், நகரும் வீடுகளில் குடியிருப்போரைக் காக்கும் சட்டம் படகுக்காரருக்குப் பொருந்தாது.

ஆகவே பலர் இரண்டாவது வழியை எடுக்கிறார்கள். பதினான்காம் நாள் முளையைப் பிடுங்கி, கயிற்றைச் சுருட்டி, மணிக்கு 4 மைலுக்கு மிகாமல் அடுத்த இடத்துக்கு. சட்டம் எத்தனை மைல் நகர வேண்டும் என்று சொல்வதில்லை; இத்தனை தூரமாவது போயிருக்க வேண்டும் என்று அறக்கட்டளை எதிர்பார்க்கிறது. இந்த இடைவெளியில்தான் பூசல் எல்லாம் நடக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீட்டில் தாய் நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போடுகிறாள்: இந்த இரு வாரம் பள்ளிக்கு நடந்து போகலாம், அடுத்த இரு வாரம் பேருந்து, அதற்கடுத்து விடியுமுன் கிளம்ப வேண்டும். மூட்டு வலிக்காரர் மதகுக் கதவைத் தள்ளித் திறக்க ஆள் தேடுகிறார். உடல்நலக் காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம், கேட்க வேண்டும்; கேட்கத் தெரியாதவர்கள்தான் தவிக்கிறார்கள்.

குளிர்காலம் தனிக் கணக்கு. கூரையிலுள்ள சூரியத் தகடுகள் ஜூனில் பிரிட்ஜையே ஓட்டும். டிசம்பரில் விளக்குக்கும் போதாது. மின்கலத்தை ஏற்ற எஞ்சினை ஓட்ட வேண்டும், ஆனால் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை ஓட்டக் கூடாது. டீசல் வாங்கும்போது எவ்வளவு பயணத்துக்கு, எவ்வளவு வீட்டுச் சூட்டுக்கு என்று சொல்ல வேண்டும். பயணப் பங்குக்கு முழு வரி, மற்றதற்குச் சலுகை. 60க்கு 40 என்று பிரிப்பது பழகிய வழக்கம். இரும்பு அடுப்பில் புகையில்லாக் கரி இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். விறகும் கரியும் எரிவாயு உருளையும் சுமந்து வரும் படகு எந்தக் கிழமை வரும் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். சன்னல்களை இறுக அடைத்து உறங்கும் அந்த இரவுகளில் உயிரைக் குடிப்பது கார்பன் மோனாக்சைடு. நாற்றமில்லை, நிறமில்லை. 2019 ஏப்ரல் முதல் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மின்கலம் தீர்ந்ததா என்று வாரந்தோறும் அழுத்திப் பார்ப்பதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது.

நிலையான முகவரி இல்லாதவர் வாக்களிக்கலாம். அதிகம் தங்கும் பகுதியைச் சொல்லிப் பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. மருத்துவரிடம் பதியவும் முகவரிச் சான்று கட்டாயமில்லை. ஆனாலும் வரவேற்பு மேசையில் விதி தெரியாதவர் உட்கார்ந்திருந்தால் அன்றைய பொழுது போயிற்று.

2023 ஜூலையில், கால்வாய்களுக்கான அரசு மானியத்தை 2027க்குப் பின் ஆண்டுதோறும் குறைப்பதாக அறிவித்தார்கள். 250 ஆண்டுப் பழைய மதகுகளையும் கரைகளையும் காக்க அறக்கட்டளைக்குப் பணம் வேண்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் நிலையான கட்டுமிடம் இல்லாத படகுகளுக்கு மட்டும் உரிமக் கட்டணத்தோடு கூடுதல் தொகை என்று முடிவானது. 2024 ஏப்ரலில் 5 சதவீதம்; படிப்படியாக 2028இல் 25 சதவீதம். துறை வாடகை கொடுக்க வழியில்லாமல்தான் அவர்களில் பலர் இரு வாரத்துக்கு ஒருமுறை முளை பிடுங்குகிறார்கள். 2023 நவம்பரில் அவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். கூடுதல் கட்டணம் நடைமுறைக்கு வந்துவிட்டது.