கணினியின் வேகத்தை எதனால் அளப்பது?

சென்ற விடுமுறையில், உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் பாவித்த கணினி ஒன்று வாங்க வாப்பாவுடன் கடைக்குச் சென்றேன். ஒரே விலையில் இரண்டு இருந்தன. "இது மூணு கிகாஹேர்ட்ஸ், அது ரெண்டுதான். இதையே எடுங்க நானா" என்றார் கடைக்காரர். வாப்பா என் முகத்தைப் பார்த்தார். தகவல் தொழினுட்பம் படிக்கும் எனக்கோ பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று தேடத் தொடங்கிய பதிலே இக்கட்டுரை.

கணினியின் முறைவழியாக்கியினுள் ஒரு கடிகாரம் துடித்துக்கொண்டே இருக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஒரு படி நகரும். ஒரு செக்கனில் எத்தனை துடிப்புகள் என்பதையே ஹேர்ட்ஸ் குறிக்கின்றது. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004, செக்கனுக்கு 7 இலட்சத்து 40 ஆயிரம் தடவைகள் துடித்தது. 3 கிகாஹேர்ட்ஸ் என்பதோ 300 கோடி துடிப்புகள்.

ஆனால் துடிப்பு வேறு, முடிந்த வேலை வேறு. சின்னக் கால்களால் ஓட்டமும் நடையுமாக வரும் தங்கையை, ஆறுதலாக நடக்கும் வாப்பா முந்திவிடுவதில்லையா? ஓர் அறிவுறுத்தலுக்குச் சராசரியாக இரண்டு துடிப்புகள் தேவைப்படும் 3 கிகாஹேர்ட்ஸ் கணினி, செக்கனுக்கு 150 கோடி அறிவுறுத்தல்களையே முடிக்கும். ஒரு துடிப்பே போதுமான 2 கிகாஹேர்ட்ஸ் கணினி 200 கோடியை முடித்துவிடும். இன்டெலின் பென்டியம் 4, 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை உயர்ந்தது. 2006இல் அதைவிடக் குறைந்த துடிப்புடன் வந்த கோர் 2 டுவோ அதனை வென்றது.

அப்படியானால் அறிவுறுத்தல்களையே எண்ணலாமே? அதுதான் 'மிப்ஸ்': செக்கனுக்கு எத்தனை மில்லியன் அறிவுறுத்தல்கள் என்ற கணக்கு. இதிலும் சிக்கல் உண்டு. ஒரு கணினி ஓர் அறிவுறுத்தலில் செய்வதை இன்னொன்று மூன்றில் செய்யலாம். விஞ்ஞானக் கணிப்புகளுக்குத் தசம எண் கணக்குகளை எண்ணும் 'ஃப்ளொப்ஸ்' பயன்படுகின்றது. 2022இல் அமெரிக்காவின் ஃபுரொன்டியர் மீக்கணினி, செக்கனுக்கு 1க்குப் பின் 18 பூச்சியங்கள் கொண்ட தொகையையும் தாண்டியது.

எல்லாவற்றிலும் நியாயமான வழி, ஒரே வேலையை இரண்டுக்கும் கொடுத்து நேரம் பார்ப்பதே. 1988இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட 'ஸ்பெக்' அமைப்பு உண்மையான மென்பொருள்களை ஓடவிட்டு இவ்வாறே வேகத்தை ஒப்பிடுகின்றது.

மறுவாரம் என் செயற்றிட்ட வீடியோவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மீண்டும் அதே கடைக்குப் போனோம். இரண்டு கணினிகளிலும் ஒரே மென்பொருளால் அதனை மாற்றிப் பார்த்தோம். வாப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முதலில் முடித்தது 2 கிகாஹேர்ட்ஸ் கணினிதான். இக்கட்டுரையை அதிலேயே தட்டச்சுச் செய்தேன்.