லயத்துக் காம்பராவில் ஒரு பட்டப்பின் படிப்பு

"என்னா புள்ள, விடிய விடிய போனையே பாத்துக்கிட்டு இருக்க? வெளக்க அணைச்சிட்டுப் படு!"

பெரகல, கொஸ்லந்தப் பக்கத்து லயங்களில் இந்தச் சத்தம் இப்போது புதிதல்ல. பெற்றோர்களே, கொஞ்சம் பொறுங்கள். போனைப் பார்க்கிற பிள்ளை படித்துக்கொண்டும் இருக்கலாம். (விளையாடிக்கொண்டும் இருக்கலாம். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.)

வீட்டிலிருந்து பட்டம் படிப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே வெளிவாரிப் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. 1921ல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும் அந்தப் பரீட்சையைத்தான் எழுதினார்கள். நமது திறந்த பல்கலைக்கழகம் 1980ல் ஆரம்பமானது. தலைமையகம் நாவலயில். பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு. ஆசிரியர்களுக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலேயே படிக்கலாம். 2020ல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் சூம் வழியாகப் போனுக்கே வந்தன.

படிக்க வழி இருக்கிறது. ஆனால் பட்டம் வாங்கிய பிள்ளை நேர்முகப் பரீட்சையில் "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்ற கேள்விக்குத் தலையைக் குனிந்தால் என்ன செய்வது? அம்மா கொழுந்து பறித்த காசில் கட்டிய படிப்பு அல்லவா அது! வேலைப் பழக்கத்துக்கென்று தனியாக ஒரு வகுப்புத் தேட வேண்டியதில்லை. அந்தப் படிப்புக்குள்ளேயே அது கிடக்கிறது. பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தவணை. நான் படித்த காலத்தில் ஒப்படையைத் தபாலில் அனுப்புவோம். ஒருமுறை கடைசி நாளில் தபாற்கந்தோருக்கு ஓடினேன். பை கட்டி அனுப்பியாகிவிட்டது. பழி வேறு யார் மீதும் இல்லை. அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பச் செய்தேன். இன்று தபால் இல்லை, சிக்னல்தான் தபால். பெரகலயில் மழையும் மூடுபனியும் வந்தால் அதுவும் போய்விடும். "சிக்னல் இல்லாமப் போச்சு சார்" என்று தவணை முடிந்த பிறகு சொல்வது சாக்கு. இரண்டு நாள் முன்பே, பெயர், பதிவிலக்கம், விடயம் மூன்றையும் போட்டு நாலு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேட்பது பொறுப்பு. பறித்த கொழுந்து அன்றைக்கே ஸ்டோருக்குப் போகாவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும் என்பது நமக்குத் தெரியாததா? கந்தோர் வேலையும் அப்படித்தான்.

அடுத்தது குழு வேலை. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் பின்வாங்குகிறார்கள். திரையில் யாழ்ப்பாணத்தில் ஒருவர், மட்டக்களப்பில் ஒருவர், கொழும்பில் ஒருவர். "நம்ம பேச்சக் கேட்டு சிரிப்பாங்களோ" என்று மைக்கை மூடிவிட்டு இருந்துவிடுகிறோம். என் யோசனை இது: பேசக் கூச்சமாக இருந்தால் எழுதுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். யார் எந்தப் பகுதியை எந்தத் திகதிக்குள் முடிக்க ஒப்புக்கொண்டார் என்று குறித்து, அன்றிரவே எல்லோருக்கும் அனுப்புங்கள். மூன்றாவது கூட்டத்தில் "சொன்னபடி முடிச்சீங்களா?" என்று நீங்களே கேட்பீர்கள். குரல் தானாக வந்துவிடும்.

ஏற்கெனவே தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி. கல்விப் படிப்புகளில் செயல்நிலை ஆய்வு என்று ஒன்று வரும். புத்தகத்தில் இருக்கும் தலைப்பைத் தேடாமல், உங்கள் வகுப்பில் எந்த நாட்களில் பிள்ளைகள் வராமல் நிற்கிறார்கள் என்று வரவுப் பதிவேட்டைப் பாருங்கள். அதை எக்செல் அட்டவணையில் போட்டு, காரணத்தை வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள். ஒப்படையும் முடியும், பாடசாலைக்கும் உதவும்.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் திகதி போட்டுக் குறித்து வையுங்கள். நேர்முகத்தில் "கம்பியூட்டர் தெரியும்" என்றால் எல்லோரும் சொல்வதுதான். "ஐந்து பேர் குழுவுக்கு நான்தான் கூட்டக் குறிப்பு எழுதினேன், வரவு அட்டவணை தயாரித்தேன்" என்றால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு நடக்கிற அந்த ஒரு மணித்தியாலம் டிவி சத்தத்தைக் குறைத்து, தண்ணீர் பிடிக்கிற வேலையை அண்ணனிடமோ தம்பியிடமோ கொடுங்கள். விபரம் கேட்க நேரில் போவதானால், பெரகல சந்தியில் பஸ் ஏறி அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்குப் போகலாம். அடையாள அட்டையையும் பட்டச் சான்றிதழின் பிரதியையும் மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.